வெள்ளி பார்க்க வந்தவர்கள்

மொட்டைமாடியில் நின்று ஆகாயத்தைப் பார்ப்பவர்களுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அகில இந்திய வான்நோக்குச் சங்கம் என்று பெயர். அதில் இருப்பவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. பல் டாக்டர், பஸ் கண்டக்டர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு வைத்துக்கொண்டு, அது முடிந்த பிறகு கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்க்கிறவர்கள். சங்கத்தின் இதழில் தமிழுக்கென்று சில பக்கங்கள் உண்டு. அதில் உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதுவார்கள். இந்த முறை என் வீட்டுக்காரர் வீரபாகுவின் முறை.

அவரையே எழுதித் தரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன், குடித்தார். சுண்டல் கொடுத்தேன், தின்றார். கடைசியில் பார்த்தால், "பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறேன். வானம் பார்ப்பேன்" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மனுஷனின் ஐம்பது வயசு வாழ்க்கை இவ்வளவுதானா? எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். போடவில்லை. நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் மஹாலட்சுமி, அவர் மனைவி. அவரோடு ஒரே தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போடுகிறவள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் உடல் நிறத்து நூல் சுற்றிய நாடாவைத் தள்ளினால் நான் கரை நாடாவைத் தள்ளுவேன். இப்படியே கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிறது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அதிகம் என்ன, பேசாதவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பேச்சு என்றால் அது நான் பேசுவதுதான். இப்படிப்பட்டவருக்கு ஆகாயப் பைத்தியம் பிடித்தது கொரோனா சமயத்தில். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூல் வரவில்லை, பட்டு வரவில்லை, தறி சும்மா நின்றது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷன் சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். மேற்கே ஒன்று பளபளவென்று எரிந்துகொண்டிருந்ததாம். தினமும் அதே இடத்தில். எங்கள் மகள் அபியிடம் கேட்டிருக்கிறார்.

"அது நட்சத்திரம் இல்லப்பா, வெள்ளி. கிரகம்" என்று அவள் போனில் பார்த்துச் சொன்னாள்.

அவ்வளவுதான். அதிலிருந்து வெள்ளி எங்கள் வீட்டு மனுஷி மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஒரு நாள் அது காணாமல் போனபோது, இவர் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டார். பிறகு அதுவே விடியற்காலையில் கிழக்கே வந்து நின்றது. "மஹா, அது ஊரைச் சுத்திக்கினு இந்தப் பக்கம் வந்துட்ச்சி" என்று என்னை எழுப்பிச் சொன்னார். கல்யாணமாகி அவர் என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அபிதான் அவரை அந்தச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள். சங்கத்துக்காரர்கள் போனில் அனுப்புவதில் பாதி புரியாது. புரியாததைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு பைனாகுலர் வந்தது.

இங்கேதான் என் பங்கு வருகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், கோயிலில் பிரகாரம் சுற்றும்போதும் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு சனியைப் பாத்துட்டாரு." மறுநாளே எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு வந்து நின்றாள். தட்டில் அவள் மகளின் ஜாதகம்.

"ஏழரை எப்பப்பா முடியும்? பாத்துச் சொல்லு. பொண்ணுக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

"எனக்குச் சனி எங்க இருக்குதுன்னு தெரியும்மா. யாரை இன்னா பண்ணும்னு தெரியாது" என்றார் இவர்.

நல்ல ஜோசியர்கள் இப்படித்தான் பிகு பண்ணுவார்கள் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணம், வீட்டுமனை, வயிற்றுவலி, காணாமல்போன மாடு. மாடு எங்கே என்று செவ்வாய்க்குத் தெரியுமா? அந்த மனுஷன் பின்பக்கமாகத் தப்பித்துப் போய்த் தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் ஓயப் பல வாரம் ஆனது. அதோடு அவர் யாரிடமும் வானத்தைப் பற்றிப் பேசுவதை விட்டார். என்னிடமும்தான். அதுவும் முக்கியமாக என்னிடம். மாடிக்கு ஏன் போகிறீர்கள் என்றால், "நூல் காயுதான்னு பாத்துட்டு வர்றேன்" என்பார். பைனாகுலர் கண்ணில் படவே இல்லை. சரி, பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன மாசி மாசம் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. நாங்கள் நெசவாளர் சங்கத்துக்கு நெய்கிறோம். பட்டும் சரிகையும் சங்கமே கொடுக்கும், சேலையாக நெய்து கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. அடுத்த தெருவில் ஒருவன், சங்கம் கொடுத்த நல்ல சரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, செம்புக் கம்பிக்கு வெள்ளிப் பூச்சுப் பூசிய போலிச் சரிகையைப் போட்டு நெய்துவிட்டானாம். புதுசாக இருக்கும்போது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளி இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதித்தார்கள், பிடித்தார்கள். தறியில் ஏற்றியிருந்த பாவு நூலையே அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வெளியே தலைகாட்டவில்லை. இனி வீடுவீடாக வெள்ளி பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சு.

பார்க்கட்டுமே, நமக்கென்ன என்றுதான் இருந்தேன். அப்போதுதான் பரணில் பித்தளை அண்டாவைத் தேடப் போனேன். அண்டாவுக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றி ஒரு பெட்டி. கனமாக இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் இங்கிலீஷ் எழுத்து. நான் பத்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தேன். சில்வர் கோட்டட். வெள்ளிப் பூச்சு!

பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். பிரித்துப் பார்த்து உள்ளே சரிகை இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பிரிக்காத வரைக்கும் அவர் என் வீட்டுக்காரர். அண்டாவைக்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தார். போன் கூவியது. எடுத்துப் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் 'சங்கம் சுகாசினி' என்று இருந்தது.

"அண்ணா, சங்கத்துல இருந்து நாலஞ்சு பேர் வர்றோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளிச்சம் இருக்கும்போதே வெள்ளி பார்த்துடணும். வீட்ல சொல்லிட்டீங்களா?"

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டே பதில் அனுப்பினார். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அதையும் பார்த்தேன். "வீட்ல தெரியாதும்மா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் தறியில் அவர் பக்கத்தில் உட்காருவதே முள்மேல் உட்காருவது மாதிரி இருந்தது. ஒவ்வொரு தரம் சரிகை ஓடும்போதும் அதையே பார்த்தேன். நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் போதும். மேலே உள்ள தங்க நிறம் போனதும் வெளுத்துக் காட்டினால் வெள்ளி, சிவந்து காட்டினால் செம்பு. நெசவாளி வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? கை போகவில்லை. இந்த மனுஷன் ஒரு இழை அறுந்தால்கூடக் கட்டி மறைக்காமல் பிரித்து நெய்கிறவர். இவரா? பின்னே பெட்டி எங்கிருந்து வந்தது? மனசு இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

என் தம்பி குமரகுரு நெசவாளர் சங்கத்தில் சேலை பார்த்து வாங்குகிற வேலையில் இருக்கிறான். அவனிடம் மட்டும், பட்டும் படாமலும் கேட்டேன். "ஏண்டா, வெள்ளி பாக்க வெளியாளுங்க வருவாங்களா?"

"வருவாங்கக்கா. யாரு இன்னான்னு எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா ஒண்ணும் கேக்க மாட்டியே" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "பஜார்ல வேலை இருக்குது" என்று கிளம்பினார். பாவி மனுஷன், என்னை மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறார் என்று நினைத்தேன். அழுகை முட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, விளக்கேற்றி, ஒரு முடிவுக்கு வந்தேன். தறியில் இருந்த சரிகை நூல் சுற்றிய கண்டுகளை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து சேர்ந்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி வீங்கியிருக்குது? மாமா எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. ஒரு பெண்ணும் மூன்று ஆண்களும் இறங்கினார்கள். ஒருவர் தோளில் நீளமாக ஒரு பை. முன்னால் வந்த பெண் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

"வணக்கம்மா. நான் சுகாசினி. சங்கத்துல இருந்து வர்றோம்."

"எந்தச் சங்கம்? நானும் சங்கத்துலதாம்மா இருக்கேன், உங்களைப் பாத்ததே இல்லியே" என்றான் தம்பி.

"நாங்க அகில இந்திய அளவுல, சார்."

தம்பியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "டெல்லியா?" என்றான் சன்னமாக. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"வெள்ளி பாக்கணும்மா. வெளிச்சம் போறதுக்குள்ள" என்றாள் அந்தப் பெண்.

நான் தட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் கண்டுகள் உருண்டன. அப்போது பார்த்து வாசற்படியில் என் வீட்டுக்காரர். கையில் பக்கோடாப் பொட்டலம். அவரைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

"பாத்துக்கங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. சரிகையை மாத்தினது நான்தான். இட்டுக்கினு போறதுன்னா என்னை இட்டுக்கினு போங்க. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

சுகாசினி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தம்பிதான் முதலில் அசைந்தான். குனிந்து ஒரு கண்டை எடுத்து, நுனியை அறுத்து, நகத்தால் சுரண்டினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இன்னொன்றையும் எடுத்துச் சுரண்டினான்.

"அக்கா, நல்ல வெள்ளிக்கா இது. எல்லாம் நாங்க குடுத்ததுதான். நீ இன்னாத்த மாத்தின?"

"அப்ப... பரண்ல இருக்கறது?"

சுகாசினிக்குப் பாவம், ஒன்றும் விளங்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "அம்மா, இது வேணாம். எங்களுக்கு வேண்டிய வெள்ளி மேல இருக்குது" என்று விரலை உயர்த்திக் காட்டினாள். விரலுக்கு நேரே எங்கள் பரண்!

"அதுவும் நான் வாங்கினதுதான்!" என்று அலறிவிட்டேன்.

கூட வந்த ஒரு பெரியவர், பிறகுதான் தெரிந்தது, வாலாஜாபாத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெபகுமார், அவருக்குத்தான் ஏதோ பிடிபட்டது. "அம்மா, அம்மா, கொஞ்சம் இருங்க. நாங்க சொல்ற வெள்ளி ஆகாசத்துல இருக்குதும்மா. கிரகம். சுக்கிரன். நாங்க வானம் பாக்கற சங்கம்" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பக்கோடாவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் பரணில் ஏறினார். வேட்டிச் சுற்றைப் பிரித்து, பெட்டியைப் பிரித்து, என் மடியில் வைத்தார். உள்ளே தட்டு மாதிரி வட்டமாக ஒரு கண்ணாடி. குனிந்தால் என் மூக்கு பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது, அழுது சிவந்த கண்ணும் அதே அளவுக்கு. தொலைநோக்கிக்குப் போடுகிற கண்ணாடியாம். ஜெபகுமார் தேய்த்துக் கொடுத்து, இவர் வெள்ளிப் பூச்சுப் பூச வெளியூருக்கு அனுப்பி வாங்கியதாம். குழலைச் செய்து எடுத்துக்கொண்டு இவர்கள் வந்திருக்கிறார்கள். தெருவுக்குத் தெரியாமல் மாடியில் பூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். இவர் பஜார் முனையில் நின்று வேனுக்காகக் காத்திருக்க, வேன் வேறு வழியாக வந்துவிட்டது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அழுகை நிற்கவில்லை, ஆனால் அது வேறு அழுகை. நடுவில் சிரிப்பும் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா இன்னா?" என்று கத்தினேன். சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. அவர் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லோரும் மாடிக்குப் போனோம். வெயில் இன்னும் இருந்தது. சூரியனை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிற இடத்தில் அவர் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். அங்கே நின்றால்தான் பார்க்கலாம், அதைவிட்டு நகர்ந்து குழலை அந்தப் பக்கம் திருப்பினால் கண் போய்விடும் என்று எல்லோரிடமும் கறாராகச் சொன்னார். பேசாத மனுஷன் எப்படி அதட்டுகிறார் என்று நான் வாயைப் பிளந்தேன். கண்ணாடியைப் பூட்டி, திருகி, மறுபடி திருகி, கடைசியில், "மஹா, மொதல்ல நீ பாரு" என்றார்.

பார்த்தேன். நீல வானத்தில் சின்னதாக, மெலிசாக, வெள்ளை வெளேரென்று ஒரு பிறை.

"இது நிலாங்க."

"நிலா இல்ல. வெள்ளிதான். அதுவும் தேயும், வளரும்."

இத்தனை நாள் இதைப் பார்க்கத்தான் நூல் காயுதா என்று ஏறி ஏறி இறங்கினாரா! அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. தம்பி இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. தம்பி பார்த்துவிட்டு நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தி, "மாமா, சுக்கிரன் எனக்கு எப்படி இருக்கான்?" என்று கேட்டான். பக்கோடாப் பொட்டலத்தால் அவன் தலையில் ஒன்று போட்டேன்.

அவர்கள் கிளம்பும்போது சுகாசினி என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் வீனஸ் என்றே எழுதுகிறேன் என்றாள். வேண்டாம், வெள்ளி என்றே எழுது, எனக்கு முன்கூட்டியே சொன்னால் போதும் என்றேன்.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தோம். தட்டில் வைத்த அதே சரிகை திரும்ப நாடாவில் ஏறியிருந்தது. அவர் உடல் நாடாவைத் தள்ளினார், நான் கரை நாடாவைத் தள்ளினேன். கொஞ்ச தூரம் ஓடியது. திடீரென்று கேட்டார்.

"நான் மாத்திட்டேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன். நெனைக்கவும் முடியல."

"அப்புறம் ஏன் நீ மாத்தினேன்னு சொன்ன?"

"சங்கத்துல உங்களைத் தள்ளி வெச்சிட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க? எனக்கு வாய் இருக்குது, எங்க போனாலும் பொழச்சிக்குவேன்."

அவர் சிரித்தார். தோள் குலுங்கியதில் ஒரு இழை அறுந்தது. அதைப் பிரித்தெடுத்துக்கொண்டே, "நல்ல ஆளு நீ. சொன்னா தெருவுக்குத் தெரிஞ்சிடும்னுதான் உங்கிட்ட மறைச்சேன். உன்னால ஒரு விசயத்தை ஒரு நாள் வாய்க்குள்ள வெச்சிக்க முடியுமா?" என்றார்.

"பெட்டியைப் பாத்ததுல இருந்து வெச்சிக்கினுதானே இருந்தேன்" என்றேன்.

அவர் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அறுந்த இழையைக் கட்டாமல் பிரித்து, புது இழையைக் கோத்து, நாடாவை என் பக்கம் தள்ளினார்.